சீருடைக்குள் ஓர் அப்பா

வீராணம் ஏரிக்கு இருப்பது அப்பாவின் பெயர். வெட்டியவன் மகன். முதலாம் பராந்தக சோழனுக்கு ‘வீரநாராயணன்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. அவன் மகன் இராஜாதித்தன். வடக்கிலிருந்து இராஷ்டிரகூடப் படை எப்போது இறங்குமோ என்று திருமுனைப்பாடி நாட்டில் பாளையம் போட்டுக் காத்துக் கிடந்த காலம் அது. சும்மா உட்கார்ந்திருந்த வீரர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து இந்த ஏரியை வெட்டவைத்தான் இளவரசன் என்று ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் காட்டுமன்னார்கோயிலில் வழிவழியாகச் சொல்வார்கள். 949-இல் தக்கோலத்தில் போர் மூண்டது. யானை மேல் இருந்தபடியே இராஜாதித்தன் செத்தான். பராந்தகன் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தான். சோழர் கல்வெட்டுகளில் மகனுக்கு ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆயிரத்து எழுபது சொச்சம் வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன ஒரு படைவீரனை ஓர் ஊர் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். லால்பேட்டைப் பக்கம் கரையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்கு எட்டாது. 47.5 அடி தண்ணீர் நின்றால் ஏரி நிறைந்ததாகக் கணக்கு. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. நாற்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. 2004-இலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் எத்தனை பேருக்கு இராஜாதித்தனைத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அவன் சாவை எழுதி வைத்தவர்கள் இன்னும் சுவாரஸ்யமானவர்கள். கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரில் ஒரு வீரக்கல் கிடைத்தது. இராஜாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று அதில் இருக்கிறது. அந்தக் கல்லே ஒரு நாய்க்காக நட்டது. காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்த ‘காளி’ என்ற வேட்டை நாய். நாயின் வீரத்தைச் சொல்ல வந்த இடத்தில் ஒரு சோழ இளவரசனின் சாவையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எதிரி ஊரில் மரியாதை அவ்வளவுதான். நம் பக்கத்தில் அவனுக்காக உருகிய ஆள் ஒருவர் இருந்தார். கேரளத்திலிருந்து வந்து இராஜாதித்தனிடம் சேர்ந்த வல்லபன். போர் நடந்த அன்று அவர் களத்தில் இல்லை. நண்பனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்று மனம் உடைந்து துறவியானார். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டு திருவொற்றியூர்க் கோயிலில் இருக்கிறது. போர்முனையிலிருந்து திரும்பிய எந்தச் சிப்பாயிடம் பேசினாலும் இந்தக் குறுகுறுப்பு தட்டுப்படும்.

இராஜாதித்தன் ராஜா வீட்டுப் பிள்ளை, அதனால் ஏரி கிடைத்தது. சாதாரண வீரனுக்கு என்ன கிடைத்தது? கல் கிடைத்தது. நடுகல் நடுவதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று படிப்படியாக வகுத்து வைத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்திலேயே வாசகம் இருக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்கள் பெரும்பாலும் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுடையவை. இன்னார் ஆட்சியில், இந்த ஊர்த் தொறுவை மீட்கும்போது, இன்னார் சேவகன் இன்னார் பட்டான். அவ்வளவுதான் வாசகம், அழுகையோ அலங்காரமோ இல்லை.

கல்லோடு நின்றுவிடவும் இல்லை. செத்தவன் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று கல்வெட்டுகளில் வருவதெல்லாம் அந்த நிலம்தான். ரத்தம் சிந்தியதற்கு ஈடாக, பிள்ளைகள் உழுது சாப்பிட ஊர் கொடுத்த மானியம். பெயரைக் கல்லில் வெட்டு, பிள்ளைக்குச் சோற்றுக்கு வழி செய். அன்றைக்கு இருந்த நியாயம் இந்த இரண்டும் சேர்ந்தது. இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு இரண்டு அப்பாக்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

முதலாமவரை எல்லோருக்கும் தெரியும். மேஜர் முகுந்த் வரதராஜன். 1983-இல் பிறந்தவர். ஏனாத்தூரில் வணிகவியல் பட்டம், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயம். பத்திரிகைக்காரராக வந்திருக்க வேண்டியவர், பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்துக்குப் போனார். 2006 மார்ச்சில் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட். ஐ.நா. அமைதிப்படையில் லெபனானில் பணி. கல்லூரியில் பழகிய இந்து ரெபேக்கா வர்கீஸை 2009-இல் கல்யாணம் செய்தார். அவர் மலையாளக் கிறித்தவக் குடும்பம், இவர் தமிழ் இந்துக் குடும்பம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கப் பொறுமையாகக் காத்திருந்து முடித்த கல்யாணம். 2011-இல் மகள் பிறந்தாள். 2012 டிசம்பரில் காஷ்மீர், 44-ஆவது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்.

2014 ஏப்ரல் 24 அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நாள். ஷோபியான் பக்கம் வாக்குப்பதிவு முடிந்து திரும்பிய ஊழியர்கள் மீது தீவிரவாதிகள் சுட்டார்கள். தேர்தல் ஊழியர் என்றால் யார்? நம்மூரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியில் போகும் வாத்தியார்கள் மாதிரிதான். மறுநாள் 25-ஆம் தேதி, காசிபத்ரி என்ற கிராமத்தில் தீவிரவாதிகள் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. முகுந்த் தன் ஆட்களோடு போனார். ஹிஸ்புல் முஜாஹிதீன் தளபதி அல்தாஃப் வானி உட்பட மூன்று பேர் அந்தச் சண்டையில் செத்தார்கள். இந்தப் பக்கம் சிப்பாய் விக்ரம் சிங் இறந்தார். குண்டடி பட்ட முகுந்தும் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்தார். வயது 31. மகளுக்கு 3.

2015 குடியரசு நாளில் அசோக சக்கரம். டெல்லி ராஜபாதையில் பிரணாப் முகர்ஜியிடமிருந்து இந்து வாங்கினார். அமெரிக்க அதிபர் ஒபாமா மேடையில் இருந்த வருடம் அது. ஆனால் அந்த மேடையைவிட எனக்கு ஞாபகம் நிற்பது, முகுந்த் இறந்த சில நாட்களில் தொலைக்காட்சியில் அந்தப் பெண் பேசிய பேச்சு. உயிரைக் கொடுத்தவர் முகுந்த், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை நாடு பார்க்கட்டும், என் துக்கத்தைப் பார்க்க வேண்டாம் என்ற பொருளில் சொன்னார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பேட்டி எடுப்பவர்கள் கேமராவை எதற்காகப் பக்கத்தில் கொண்டு போகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

2024 தீபாவளிக்கு முகுந்தின் கதையைச் சொல்லும் ‘அமரன்’ படம் வந்தது. படம் எடுத்த இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமியிடம் குடும்பம் வைத்த கோரிக்கைகள்தான் எனக்குப் படத்தைவிட முக்கியமாகப் பட்டன. அவற்றை அவரே மேடையில் சொன்னார். முகுந்த் ஒரு தமிழர், அந்த வேடத்தில் தமிழ் அடையாளம் உள்ள நடிகர்தான் நடிக்க வேண்டும் என்பது மனைவி கேட்டது. தன்னை இந்தியன், தமிழன் என்று மட்டுமே சொல்லிக்கொள்ள விரும்பியவன் எங்கள் பிள்ளை, வேறு அடையாளம் வேண்டாம் என்பது பெற்றோர் கேட்டது. படம் வந்த பிறகு முகுந்தின் சாதியை ஏன் காட்டவில்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்குப் பதிலாகத்தான் இயக்குநர் இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்ல நேர்ந்தது.

அசோக சக்கரம் வாங்கிய ஒருவரை, இறந்து பத்து வருடம் கழித்து, எங்கள் ஆளா உங்கள் ஆளா என்று தேடுகிறார்கள். காட்டுமன்னார்கோயிலில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது சும்மா கடந்துபோக முடியாது. இது எல். இளையபெருமாளின் ஊர். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். 1952-இலேயே நாடாளுமன்றத்துக்குப் போனார். இந்தியா முழுக்கத் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று ஆராய 1965-இல் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து, 1969-இல் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் தலித் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த பையன். ஒருவன் பெயரோடு ஊர் எதை ஒட்டவைக்கிறது, அதை அவன் கேட்டானா என்பதெல்லாம் இந்த மண்ணில் விளையாட்டுக் கேள்வி இல்லை. முகுந்த் விஷயத்தில் என் தீர்ப்பு எளிது. செத்தவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டாரோ, அப்படித்தான் நாமும் சொல்ல வேண்டும். ராஜ்புத் ரெஜிமென்ட்டில் இருந்துகொண்டு, இந்தியில் கட்டளை இட்டுக்கொண்டு, மலையாளம் பேசும் மனைவியோடு குடும்பம் நடத்திக்கொண்டு, ஒருவர் ‘நான் தமிழன்’ என்றால் அதில் யாரையும் ஒதுக்கும் தொனி இல்லை. வீட்டை விட்டு ரொம்ப தூரம் போனவனுக்கு வீட்டு விலாசத்தின் மேல் இருக்கும் பெருமை அது.

இரண்டாமவர் பக்கத்து மாவட்டக்காரர். காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி மீன்சுருட்டிச் சாலையில் போனால் அரியலூர் மாவட்டம் வந்துவிடும். அந்த மாவட்டத்தில் கார்குடி என்ற கிராமம். சி. சிவச்சந்திரன், மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர். லீவில் வந்துவிட்டு 2019 பிப்ரவரியில்தான் திரும்பிப் போயிருந்தார். 14-ஆம் தேதி ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு 78 வண்டிகளில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் போனார்கள். புல்வாமா மாவட்டம் லெத்போராவில் வெடிமருந்து நிரப்பிய கார் ஒரு பேருந்தின் மேல் மோதியது. 40 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர். தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரி சுப்பிரமணியன் ஒருவர். சிவச்சந்திரன் மற்றவர். சிவச்சந்திரனுக்கு இரண்டு வயதில் மகன். மனைவி மாசமாக இருந்தார்.

அந்தப் பையனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் படைச் சீருடை மாதிரியே தைத்த சட்டை, தலையில் தொப்பி, சுற்றிலும் அழுகிற பெரியவர்கள். அப்பாவின் உடல் வந்த நாளில் எடுத்த படம். இந்தியா முழுக்க அத்தனை பேர் கைப்பேசிக்கும் போனது. பார்த்தவர்கள் அழுதார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள். நானும் பார்த்து நின்றவன்தான். ஆனால் அந்தப் படத்தில் அப்பா எங்கே? சிவச்சந்திரன் என்ன சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார், லீவில் வந்தால் முதல் வேலையாக யார் வீட்டுக்குப் போவார், ஒன்றும் நமக்குத் தெரியாது. குழந்தையின் சீருடை மட்டும் தெரியும். என் துக்கத்தைப் பார்க்காதீர்கள், மனிதரைப் பாருங்கள் என்று முகுந்தின் மனைவி சொன்னதற்கு நேர் தலைகீழாக அன்று எல்லாம் நடந்தது. ஆங்கிலமும் பேட்டியும் பழகிய ஒரு பெண்ணால் கேமராவை நிறுத்த முடிந்தது. கார்குடியில் மயங்கி விழும் நிலையில் இருந்த ஒரு கர்ப்பிணிக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது யார்? மைக்கோடு போன யாரும் கொடுக்கவில்லை.

இரண்டு சாவும் காஷ்மீரில். இரண்டு பேரும் முப்பது சொச்சம் வயதில். இரண்டு பேருக்கும் விவரம் தெரியாத வயதில் பிள்ளை. ஒருவருக்கு அசோக சக்கரமும் சினிமாவும். இன்னொருவருக்கு ஒரு வாரம் ஃப்ளெக்ஸும் மெழுகுவர்த்தியும். சண்டை போட்டுச் செத்தவருக்குப் பதக்கம் உண்டு, பேருந்தில் உட்கார்ந்தபடி செத்தவருக்கு எப்படித் தருவது என்று கேட்கலாம். பதக்க விதி அப்படித்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரின் ஞாபகத்துக்குப் பதக்க விதி பொருந்த வேண்டும் என்று யார் சொன்னது? தமிழக அரசு சிவச்சந்திரன் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் அரசு வேலையும் அறிவித்தது. உதிரப்பட்டிக்கு நிகராக இதைச் சொல்லலாம். கல்லுக்கு நிகராக என்ன இருக்கிறது?

இடையில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர், ஹவில்தார் பழனி. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையோடு கைகலப்பில் இறந்த 20 பேரில் ஒருவர். வயது 40, இரண்டு பிள்ளைகள், இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். சாவதற்குச் சில நாள் முன்புதான் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்தது. லீவு இல்லை, எல்லையில் பதற்றம், வீட்டுக்காரர் இல்லாமலே பால் காய்ச்சினார்கள். வீர் சக்ரா கொடுத்தார்கள். படைவீரன் கட்டிய வீடுகளில் பாதிக்கு இந்தக் கதைதான். கடலூர் மாவட்டக் கிராமங்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று சொல்லும் மாடி வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். அஸ்திவாரம் போட்ட லீவு வேறு, தளம் போட்ட லீவு வேறு, குடி வந்த லீவு வேறு.

செத்த படைவீரனை எப்படி ஞாபகம் வைப்பது என்பது நமக்கு மட்டும் உள்ள சங்கடமா என்றால், இல்லை. பர்மா என்றால் நம் பக்கம் தாத்தாக்களுக்குத் தெரியும். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் ரங்கூனிலிருந்து நடந்தே வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அதே பர்மாவில் 1944-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரண்டு டிவிஷன்கள் சண்டை போட்டன. அவர்களில் பெரும்பகுதி நைஜீரியர்கள். பம்பாயில் கப்பல் இறங்கி, இந்தியாவில் பயிற்சி எடுத்து, அரக்கான் காட்டுக்குள் போனவர்கள். மதராஸ் ரெஜிமென்ட்டும் அதே பர்மாப் போரில்தான் இருந்தது.

அந்த நைஜீரியர்களில் ஐசக் ஃபடோயெபோ ஒருவர். பதினாறு வயதில் அப்பாவைக் கேட்காமல் படையில் சேர்ந்தவர். மருத்துவப் பிரிவு. 1944 மார்ச்சில் கலாடன் ஆற்றங்கரையில் ஜப்பானியர் சுட்டதில் தொடை எலும்பு உடைந்து காட்டில் கிடந்தார். உடன் இருந்த பலர் செத்தார்கள். ஷூயிமான் என்ற உள்ளூர் முஸ்லிம் விவசாயி ஒன்பது மாதம் அவரை ஒளித்து வைத்துச் சோறு போட்டார். ஜப்பானியருக்குத் தெரிந்தால் குடும்பத்தோடு தலை போகும். டிசம்பரில் கூர்க்காக்கள் வந்து மீட்டார்கள். ஐசக் நைஜீரியாவுக்குத் திரும்பினார், வேலை பார்த்தார், பிள்ளை குட்டியோடு வாழ்ந்தார், காலைத் தாங்கித் தாங்கி நடந்தார், ஞாபகங்களை எழுதினார். 2011-இல் பார்னபி ஃபிலிப்ஸ் என்ற பத்திரிகையாளர் ஐசக்கின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அரக்கானுக்குப் போய் ஷூயிமான் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். ஷூயிமான் அதற்குள் இறந்திருந்தார். மறு வருடம் ஐசக்கும் இறந்தார். கடிதம் மட்டும் ஒரு வருடம் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தது.

பியி பண்டேலே என்ற நைஜீரிய எழுத்தாளரின் அப்பாவும் பர்மா போன சிப்பாய். சின்ன வயதில் அப்பா சொன்ன போர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், 2007-இல் அதிலிருந்து ஒரு நாவல் எழுதினார். இங்கிலாந்தில் வாழ்ந்தாலும் தன் நாட்டுச் சிப்பாய்கள் பேசிய பேச்சும் அடித்த நையாண்டியும் அதில் அப்படியே வந்திருப்பதாகப் படித்தவர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் எழுதிய பர்மாப் போர்ப் புத்தகங்களில் பெயர் இல்லாமல் கிடந்த கறுப்புச் சிப்பாய்களுக்கு, ஒரு மகன் அப்பாவின் வழியாகப் பெயர் வாங்கிக் கொடுத்தார். நம் பக்கம் பர்மாவுக்குப் போன சிப்பாய்களின் பேரன் பேத்திகள் எழுதியது எத்தனை? தாத்தாவின் மெடலைப் பித்தளைக்குப் போட்ட வீடுகளைத்தான் எனக்குத் தெரியும்.

மறுபடி நம்மூருக்கு வருவோம். விடிகாலையில் வீராணம் கரைச் சாலையில் ஓடும் பையன்களைப் பார்க்கலாம். கையில் கடிகாரம், காலில் தேய்ந்த ஷூ. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் ராணுவத் தேர்வில் ஓட்டத்துக்கு முழு மார்க். போலீஸ், ரிசர்வ் படை, எல்லைப் படை என்று எது முதலில் கூப்பிட்டாலும் போகத் தயார். 2022-இலிருந்து ராணுவத்துக்குப் போகிறவர்கள் அக்னிவீர்கள். நாலு வருடம் வேலை, நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை மட்டும் நிரந்தரம், மற்றவர்கள் ஒரு தொகையோடு வீட்டுக்கு. ஓய்வூதியம் கிடையாது. இருபத்தைந்து வயது வாக்கில் முன்னாள் வீரன் ஆகிவிடுகிற தலைமுறை இது. கல்யாணம் ஆகி அப்பா ஆகும்போது அவன் கையில் படைவீரன் என்ற அடையாள அட்டை இருக்காது.

ரிசர்வ் படைக்குப் போகிறவன் கதை வேறு. 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த, ரிசர்வ் படை போன்ற துணை ராணுவத்தினருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. ராணுவத்துக்கு மட்டும் அதை விட்டு வைத்தார்கள். 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் துணை ராணுவமும் நாட்டின் ஆயுதப்படைதான், அவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு மேல்முறையீடு போனது, உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சண்டையில் செத்தால் குடும்பத்துக்குப் பழைய விதிப்படி முழு ஓய்வூதியம் கிடைக்கும். உயிரோடு முப்பது வருடம் காவல் காத்துவிட்டு வந்தால் அது கிடைக்காது. சிவச்சந்திரன் செத்ததால் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு. அவரோடு சேர்ந்து அதே பனியில் நின்று பிழைத்து வந்தவருக்கு அது இல்லை. இதைவிடக் கேவலமான கணக்கு ஒன்றை எந்த உதிரப்பட்டிக் கல்வெட்டிலும் நான் படித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ராணுவம், கடற்படை, விமானப்படைக்காரர்களுக்கு அங்கே வழி உண்டு. துணை ராணுவத்தில் ஓய்வு பெற்றவர் சட்டப்படி ‘முன்னாள் படைவீரர்’ கணக்கில் வரமாட்டார். ஊரில் எல்லோரும் ‘மிலிட்டரிக்காரர்’ என்று கூப்பிடுவார்கள், அலுவலகத்தில் மட்டும் அவர் மிலிட்டரி இல்லை. கிராமத்து ஆளுக்கு இந்த வித்தியாசம் புரிவதற்குள் இரண்டு முறை பஸ் ஏறிவிட்டு வந்திருப்பார்.

என் வாதம் இதுதான். சோற்றுக்கான வழி என்பது அரசாங்கத்தின் கடன். அதைக் கேட்டு வாங்க வேண்டும், துணை ராணுவத்துக்கும் பழைய ஓய்வூதியம் என்பதை ஆதரிக்காத எந்தக் கட்சிக்கும் வீரவணக்கம் என்று போஸ்டர் ஒட்டத் தகுதி இல்லை. கல் நடுவது ஊரின் வேலை. அதற்கு டெல்லி வர வேண்டியதில்லை. ஆனால் இன்று கல் என்றால் பள்ளிக்கூட வாசலில் ஒரு மார்பளவுச் சிலை, அதைத் திறக்க ஒரு மந்திரி, அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு மாலை என்று ஆகிவிட்டது. செங்கத்துக் கல்லில் இருந்ததுகூட அதில் இருப்பதில்லை. யார் மகன், எதற்காகப் போனான், என்ன செய்யும்போது செத்தான் என்பதே இல்லாமல் ‘வீரமரணம்’ என்று மட்டும் இருக்கும்.

எழுதி வைப்பதுதான் இன்றைய கல். அம்மாவிடம் கேட்டு, கூடப் படித்தவர்களிடம் கேட்டு, படையில் பக்கத்துக் கட்டிலில் தூங்கியவரை ஃபோனில் பிடித்துக் கேட்டு, பத்துப் பக்கம் எழுதலாம். என்ன பாட்டு முணுமுணுப்பார், கபடியில் எந்தப் பக்கம் நிற்பார், மகன் பிறந்த தகவல் வந்தபோது எந்த முகாமில் இருந்தார், மகளை முதன்முதலில் பார்த்தபோது என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்தப் பத்துப் பக்கத்தில் வரவேண்டும். தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டார் என்பதும். மூன்று வயதிலும் இரண்டு வயதிலும் அப்பாவை இழந்த பிள்ளைக்கு ஞாபகம் என்று தனியாக ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் சொல்வதுதான் அதற்கு அப்பா. முகுந்தின் மகளுக்கு ஒரு சினிமா கிடைத்திருக்கிறது. அப்பாவைப் பற்றி அப்படி ஒரு படம் கிடைக்காத பிள்ளைகள்தான் ஊருக்கு ஊர் அதிகம்.

காட்டுமன்னார்கோயில், குமராட்சி, சிதம்பரம், ஜெயங்கொண்டம் வட்டார ஊராட்சித் தலைவர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26-இலும் ஆகஸ்ட் 15-இலும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் படையில் இருந்து இறந்தவர் இருந்தால் அவர் வாழ்க்கையைப் பத்துப் பக்கம் எழுதி ஊராட்சி நூலகத்தில் ஒரு பிரதியும், வீட்டில் ஒரு பிரதியும் வைப்பது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போடலாம்: 2004-இலிருந்து துணை ராணுவத்தில் சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று. இரண்டுக்கும் ஊராட்சி நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.